அறுவடை தொடங்குமுன் பெட்டிக் கொழுவியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோக நெற்கதிர்கள் தலைசாயத் தொடங்கிவிட்டன. இன்னும் சில கிழமைகளில் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை ஆகிய குளங்களின் கீழுள்ள வயல்களில் அறுவடை தொடங்கிவிடும். அதன்பின் இரண்டு மாதங்களுக்கு ஏ-9 வீதியிலும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியிலும், அவற்றில் வந்து ஏறும் வயற்பாதைகளிலும் நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகள் இரவு பகலாக ஓடும். இயந்திரத்தின் எண்ணெயையும் ரயர் காற்றையும் பார்க்கும் நாங்கள், இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும் கொழுவியை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையில் சற்று இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற காலபோக அறுவடையின்போது நான் முரசுமோட்டையிலுள்ள எனது வயலிலிருந்து ஐம்பத்தாறு மூடை நெல்லை அயலவர் ஒருவரிடம் இரவலாக வாங்கிய பெட்டியில் ஏற்றிக்கொண்டு பரந்தன் பக்கம் புறப்பட்டேன். வயற்பாதையிலிருந்து தார் வீதிக்கு ஏறும் இடத்தில் ஒரு சிறிய ஏற்றம் இருக்கிறது. அதில் முன்சில்லுகள் ஏறி, பின்சில்லுகளும் ஏறிய நேரத்தில் இயந்திரம் திடீரென்று பாரமற்றதுபோல் முன்னால் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது பெட்டி தனியாகப் பின்னோக்கி உருண்டு, வாய்க்காலுக்குள் ஒரு சில்லை இறக்கிச் சரிந்து நின்றது. பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த பாடசாலைப் பிள்ளை ஒன்று சைக்கிளைப் போட்டுவிட்டு வரம்பிற்குப் பாய்ந்திருந்தது. பிள்ளைக்குக் காயம் எதுவும் இல்லை. எட்டு மூடை நெல் தண்ணீரில் நனைந்தது. அதைப் பற்றி எனக்கு இன்றுவரை கவலையில்லை.

இருட்டும்வரை அந்தக் கொழுவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் பின்னால் பெட்டியைக் கொழுவும் இழுவைச் சட்டத்திலிருந்த துளை ஒரு காலத்தில் வட்டமாக இருந்திருக்க வேண்டும். இப்போது அது முன்பின்னாக இழுபட்டு முட்டைபோல் நீண்டு கிடந்தது. அதற்குள் நான் போட்டிருந்த ஆணி, வீடு கட்டும்போது மிஞ்சிய 16 மில்லிமீற்றர் கொங்கிறீற்றுக் கம்பியின் ஒரு துண்டு. அதன் மேல்முனையைச் சுத்தியலால் அடித்து வளைத்துத் தலையாக்கியிருந்தேன். கீழ்முனையில், ஆணி மேலே கழராமல் தடுக்கும் வில்லுக் கிளிப் இருக்கவேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். மூடை தூக்கியவர்கள் பின்கதவுப் பக்கமாகவே அடுக்கியிருந்ததால், ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னே தள்ளப்பட்டு, பெட்டியின் முன்தண்டு மேலே எழும்பி, ஆணியையும் தலையோடு சேர்த்துப் பிடுங்கியிருக்கிறது. கட்டுக்கம்பி அறுந்த முனை புதிதாக மினுங்கியது. ஆகவே குற்றம் பெட்டிக்காரருடையதும் அல்ல, வீதியினுடையதும் அல்ல, என்னுடையதுதான்.

அதன்பின் நான் கண்ணில் படும் பெட்டிகளையெல்லாம் குனிந்து பார்க்கும் பழக்கத்திற்கு ஆளானேன். சந்தையிலும் ஆலை வாசலிலும் என்னைச் சிலர் விநோதமாகப் பார்த்தார்கள். நான் கண்டவற்றில் நல்ல கொழுவிகளும் உண்டு. ஆனால் என்னுடையதைப் போன்றவையே மிகுதி. இதற்குக் காரணம் எங்கள் கவனக்குறைவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 2009க்குப் பின் மீள்குடியேறி வந்தபோது பலரிடம் இயந்திரமும் இல்லை, பெட்டியும் இல்லை. இயந்திரத்தை ஒரு இடத்தில் தவணைக் கட்டணத்திற்கு எடுத்தோம்; பெட்டியைப் பழைய இரும்பில் வேறோர் இடத்தில் செய்வித்தோம் அல்லது கைமாற்றாக வாங்கினோம். ஒன்றுக்காக மற்றது செய்யப்படாத இரண்டையும் பொருத்தும் வேலை பட்டறைக்காரரின் கையில் விடப்பட்டது. அவர் பெட்டித் தண்டின் முனைக்கு, துளைக்கேற்ற வளையத்தைத் தேடாமல், கையில் இருந்த வளையத்தை வெல்டிங் செய்து தந்தார். நாங்களும் காசைக் கொடுத்துவிட்டுப் போனோம்.

அந்தக் கொழுவி என்ன பாரத்தைத் தாங்குகிறது என்று ஒருமுறையாவது கணக்குப் பார்க்கவேண்டும். மூடை ஒன்று 65 கிலோ என்று கொண்டால் அறுபது மூடை 3900 கிலோ. பெட்டியின் சொந்தப் பாரம் ஏறத்தாழ ஒரு தொன் இருக்கும். ஆக, ஏறத்தாழ ஐந்து தொன்னை இழுக்கும் மஸி பெர்குசன் 240 போன்ற ஒரு இயந்திரத்தின் பாரம் இரண்டு தொன் அளவே. மணல் ஏற்றுவோரின் நிலை இதைவிட மோசம். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். காய்ந்த மணலென்றாலே அது நான்கு தொன்னைத் தாண்டும், ஆற்றிலிருந்து அள்ளிய ஈரமணல் ஐந்து தொன்னைத் தொடும். இழுப்பதைவிட இழுபடுவது இரண்டு மடங்குக்கு மேல் பாரமாக இருக்கும்போது, இடையிலுள்ள ஒற்றை ஆணியைச் சில்லறைச் சாமானாகக் கருத முடியாது.

கொழுவியைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்கவேண்டியது அதன் உயரம். பாரப் பெட்டியைக் கொழுவுவதற்கென்றே இயந்திரத்தின் அடியில், பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இழுவைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது பின்அச்சின் நடுமட்டத்திற்கு நன்றாகக் கீழே, நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் அமைந்திருப்பது தற்செயல் அல்ல. பாரம் சேற்றில் இறுகிப் பின்சில்லுகள் சுழல முடியாமல் நிற்கும்போது, இயந்திரத்தின் விசை சில்லைச் சுற்றுவதற்குப் பதிலாக, அச்சை மையமாக வைத்து இயந்திரத்தின் உடலையே பின்னோக்கிச் சுற்ற முனைகிறது. முன்சில்லுகள் நிலத்தைவிட்டு எழுகின்றன. இழுக்கும் இடம் அச்சிற்குக் கீழே இருந்தால், முன்பக்கம் எழ எழச் சட்டம் இன்னும் தாழ்ந்து, கவிழ்க்கும் விசை குறைந்துகொண்டே போகும். இழுக்கும் இடம் அச்சிற்கு மேலே இருந்தால் அந்தத் தடுப்பு இல்லை. முன்சில்லு எழத் தொடங்கியதிலிருந்து, இனித் திரும்ப முடியாது என்ற கட்டத்தை இயந்திரம் அடைவதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. சாரதி கிளச்சை மிதிப்பதா, குதிப்பதா என்று யோசிக்கும் நேரம் அதைவிட அதிகம்.

இது நான் கேள்விப்பட்ட கதை மட்டுமல்ல. ஒரு மார்கழி மாதம், எங்கள் வயலுக்கு அருகில் புதைந்த பெட்டி ஒன்றை இழுப்பதற்காக ஒருவர் சங்கிலியை இழுவைச் சட்டத்தில் கொழுவாமல், கைக்கு எட்டியது என்பதால், அச்சிற்கு மேலே, கலப்பையின் மேல்இணைப்புத் தண்டு பூட்டும் இடத்தில் கொழுவினார். வயது இருபதைத் தாண்டாத அந்தத் தம்பி இயந்திரத்தை எடுத்த எடுப்பிலேயே முன்சில்லு இரண்டும் அவருடைய நெஞ்சு மட்டத்திற்கு எழுந்தன. "கிளச், கிளச்!" என்று கரையில் நின்ற பெரியவர் கத்தியதும் அவர் மிதித்ததும் ஒன்றாக நடந்ததால், சில்லுகள் திரும்ப நிலத்தில் விழுந்தன. அந்தத் தம்பி இறங்கிவந்து வரம்பில் இருந்தார். நெடுநேரம் அவரால் வெற்றிலை மடிக்கக்கூட முடியவில்லை.

இழுவைச் சட்டத்தை விட்டுவிட்டுப் பலர் பயன்படுத்துவது, கலப்பை பூட்டும் கீழ்க்கைகள் இரண்டுக்கும் இடையே போடப்படும், வரிசையாகத் துளைகள் உள்ள குறுக்குச் சட்டத்தை. இருக்கையிலிருந்தே உயர்த்தித் தாழ்த்தலாம், பெட்டியின் தண்டைத் தூக்கிப் பிடிக்க ஆள் தேவையில்லை என்பது அவர்கள் கூறும் நியாயம். ஆபத்தும் அதே வசதியில்தான் இருக்கிறது. உயர்த்தித் தாழ்த்தும் நெம்பு தவறுதலாகத் தட்டுப்பட்டால் கொழுவிய இடம் அச்சின் மட்டத்திற்கு மேலே போய்விடும். கீழ்க்கைகள் பக்கவாட்டில் ஆடும்போது பாரப் பெட்டியும் அவற்றுடன் ஆடி, வீதியில் இயந்திரத்தின் பின்பக்கத்தை அலைக்கழிக்கும். வயலுக்குள் நாற்றுக் கட்டுகளையோ உர மூடை நாலைந்தையோ கொண்டுபோவதற்கு, கீழ்க்கைகள் உயராதபடி தாங்குதண்டுகளைப் பூட்டிக்கொண்டு அதைப் பயன்படுத்தலாம். அறுபது மூடையுடன் ஏ-35 வீதிக்கு வருவதற்கு அது ஏற்றதல்ல. இழுவைச் சட்டம் பக்கவாட்டில் ஆடும் வகையாக இருந்தால், வீதியில் ஓடும்போது அதை நடுவில் ஆணியிட்டு நிறுத்தவேண்டும். முன்பின் நீட்டம் மாற்றக்கூடியதாக இருந்தால், வளைவில் ரயர் தண்டில் முட்டாத அளவிற்குக் குறுக்கி வைப்பது நல்லது. ஏனெனில் சட்டம் நீள நீள, மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும் அதன் வலு குறைகிறது.

அடுத்தது, ஆணி நிற்கும் விதம். சட்டம் ஒற்றைத் தகடாக இருந்து, பெட்டியின் வளையத்தை அதன்மேல் வைத்து ஆணியைப் போட்டால், இழுப்பு முழுவதும் ஆணியின் ஒரே குறுக்குவெட்டில் விழும். அதோடு ஆணி சாய்ந்து, வளைந்து, ஒவ்வொரு குழியிலும் கொஞ்சங் கொஞ்சமாக மேலே ஏறும். மேலும் கீழுமாக இரண்டு தாடைகள் உள்ள கொழுவியில் வளையம் நடுவே நிற்பதால், வெட்டுவிசை இரண்டு இடங்களில் பங்கிடப்படுகிறது; ஆணி சாய்வதற்கும் இடமில்லை. ஒற்றைத் தகடு உள்ளவர்கள் மேல்தாடை ஒன்றைப் போல்ற் செய்து பொருத்திக்கொள்ளலாம். ஆணி துளைக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். 16 மில்லிமீற்றர் ஆணிக்குப் பதிலாக 25 மில்லிமீற்றர் ஆணியைப் போட்டால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. போல்ற் ஒன்றை ஆணியாக்குவதானால், தலையில் 8.8 என்று பொறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். அது அதே தடிப்புள்ள மென்னிரும்புப் போல்ற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுவிசையைத் தாங்கும். புரிவெட்டிய பகுதி தாடைக்குள் வரக்கூடாது. பழைய லொறியின் வில்லுத் தகட்டில் செய்த ஆணி உறுதியானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது கடினமான இரும்பு என்பது உண்மைதான்; ஆனால் அதில் வெல்டிங் வைத்தால், ஒட்டிய இடத்திற்கு அருகில் கண்ணாடிபோல் வெடிக்கும் தன்மையைப் பெறுகிறது. மென்னிரும்பு வளைந்து எச்சரிக்கும், இது எச்சரிக்காமல் முறியும்.

ஆணியை எப்போதும் மேலிருந்து கீழாகவே போடவேண்டும். கீழ்முனையில் வில்லுக் கிளிப் கட்டாயம். அதன் விலை ஒரு பிளேன்ரீக்கும் வடைக்கும் கொடுக்கும் காசைவிடப் பெரிதல்ல. ஆனாலும் அது தொலைந்தால் திரும்ப வாங்குவதற்கு எங்களுக்கு மனம் வருவதில்லை. நான் இப்போது அதைச் சிறு சங்கிலித் துண்டொன்றால் சட்டத்தோடு பிணைத்து வைத்திருக்கிறேன்.

எவ்வளவு நல்ல கொழுவியாக இருந்தாலும், பாரம் பிழையாக ஏற்றப்பட்டால் அதனால் பயனில்லை. இதை மாட்டுவண்டில் ஓட்டிய எங்கள் தகப்பன்மார் எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மூடையை ஏற்றியபின் வண்டிற்காரர் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூடையை முன்னுக்கோ பின்னுக்கோ மாற்றிவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். ஒற்றை அச்சுள்ள பெட்டிக்கும் இதே கணக்குத்தான். இங்கே தொண்டை இறுகிக் கதறுவதற்கு மாடு இல்லை என்பதால் எங்களுக்குத் தெரிவதில்லை. பெட்டியினதும் பாரத்தினதும் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவாவது கொழுவியின்மேல் கீழ்நோக்கி அமரவேண்டும். பின்பாரம் என்றால், எனக்கு நடந்ததுபோலத் தண்டு எழும்பும். பின்சில்லுகளின் பிடிப்பும் குறையும். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் முன்சில்லுகள் இலேசாகி, ஸ்ரேறிங்கைத் திருப்பினாலும் இயந்திரம் திரும்ப மறுக்கும். நெல் மூடை வைத்த இடத்தில் இருக்கும், ஆட்கள் அப்படியல்ல. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் பெட்டியில் போகும் வழக்கம் எங்களிடம் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் வேடிக்கை பார்ப்பதற்காகப் பின்கதவுப் பக்கம் நெருங்கும்போது பாரம் எங்கே போகிறது என்பதை ஓட்டுபவர் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆட்களை ஏற்றுவதே பிழை என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும், அது பிழை என்று எழுதிவைக்கிறேன். இயந்திரத்திற்கும் பெட்டிக்கும் இடையில் தண்டின்மேல் காலூன்றி நின்று வருவது அதைவிடப் பிழை.

ஆணி கைவிட்டாலும் பெட்டி தனியே போகாமலிருக்க, காப்புச் சங்கிலி ஒன்று வேண்டும். இரண்டு என்றால் தண்டின் கீழே ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும்படி கட்டுவது சிறந்தது. அப்போது தண்டு நிலத்தில் குத்துவதற்கு முன்பே சங்கிலிகள் அதைத் தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். சங்கிலியை ஆணியிலேயே மாட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். ஆணி போனால் சங்கிலியும் கூடவே போகும். இயந்திரத்தின் உடலோடு பூட்டிய வேறொரு இடத்திலேயே அதை மாட்டவேண்டும். வளைவில் இழுபடாத அளவிற்கு மட்டும் தளர்வு இருந்தால் போதும். ஆடு கட்டும் சங்கிலி இதற்கு உதவாது.

பிறேக்கைப் பற்றி ஒரு விடயம் மட்டும் சொல்லவேண்டும். வயலில் திருப்புவதற்கு வசதியாக உழவு இயந்திரத்தில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிப் பிறேக் மிதிகள் உண்டு. வீதிக்கு ஏறுமுன் அவ்விரண்டையும் சேர்க்கும் கொளுக்கியைப் பூட்டாவிட்டால், அவசரத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தி, ஒரு பக்கச் சில்லு மட்டும் நிற்கும். பின்னால் ஐந்து தொன் தள்ளிக்கொண்டு வரும்போது இயந்திரம் குறுக்கே திரும்பி, பெட்டியும் இயந்திரமும் கத்தரிக்கோல்போல் மடங்கும். பெட்டியில் பிறேக் இல்லையென்றால், வேகத்தைத் தவிர உங்கள் கையில் வேறொன்றும் இல்லை.

இருசக்கர உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். அதிலே பெட்டிதான் சாரதியின் இருக்கை. ஆணி கழன்றால் கைபிடி ஒரு பக்கமும் சாரதி மறுபக்கமும் போகவேண்டி வரும். இன்னொன்றையும் புதிதாக ஓட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சமதரையில் இடது கைபிடியிலுள்ள கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போதோ, பாலத்திலிருந்து இறங்கும்போதோ, பாரப் பெட்டி பின்னாலிருந்து தள்ளுவதால், விசை விடுபட்ட இடதுசில்லு வேகமாக உருள, வலதுசில்லை எஞ்சின் பிடித்து வைக்க, இயந்திரம் எதிர்ப்பக்கமான வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அந்தக் கிளச்சுகளைத் தொடாமல், முன்கூட்டியே கீழ்க் கியருக்கு மாற்றி, கைபிடியால் மட்டும் திருப்பி, பெட்டியின் கால்பிறேக்கைப் பயன்படுத்துவதே வழி.

பிக்கப் வாகனங்களில் படகு ஏற்றிய சிறு பெட்டிகளை இழுக்கும் கடற்றொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் ஆணி இல்லை. இரும்புக் குண்டின்மேல் கிண்ணம் அமர்ந்து பூட்டிக்கொள்கிறது. குண்டுகளில் 50 மில்லிமீற்றர் விட்டமுள்ளதும், 47.6 மில்லிமீற்றரான ஒன்றேமுக்கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும் சேர்ந்ததும் புழக்கத்தில் உள்ளன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பெரிய கிண்ணம் சிறிய குண்டின்மேல் பூட்டியதுபோலக் காட்டிவிட்டு, முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். அளவு குண்டின் தலையிலும் கிண்ணத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். பூட்டியபின் தண்டைச் சற்றே தூக்கிப் பார்த்து, வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழும்புகிறதா என்று பாருங்கள்.

அதிகாரிகளிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு போகத்திற்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது; விதைப்புத் திகதியும் நீர் திறக்கும் திகதியும் அங்கே முடிவாகின்றன. அதுபோல அறுவடைக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில், கமநல சேவை நிலையங்களின் முற்றத்திற்குக் கமக்கார அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களின் இயந்திரங்களைப் பெட்டியுடன் கொண்டுவரச் சொல்லி, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு கொழுவி, ஆணி, கிளிப், சங்கிலி ஆகிய நான்கையும் பார்க்கச் செய்யலாம். தண்டம் அறவிடும் நோக்கத்தோடு இதைச் செய்தால் யாரும் வரமாட்டார்கள். ஆகவே பொலிஸாரை அன்றைக்கு அழைக்காமல் இருப்பது நல்லது. துளை நீண்டுவிட்ட சட்டங்களை இனங்கண்டு, எந்தப் பட்டறையில் எந்தத் தடிப்பில் தாடை போடுவது என்று அன்றே சொல்லிவிட்டால், தை பிறக்குமுன் பெரும்பாலானவை சரியாகிவிடும். எங்கள் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை நான் முன்வைக்கவிருக்கிறேன். மற்றைய இடங்களிலுள்ள அமைப்புகளும் இக்கடிதத்தைக் கண்டு முன்வந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
நெற்செய்கையாளர் ஒருவர்,
முரசுமோட்டை.